டிராக்கில் ஓட்ட கார் தேடுகிறீர்களா? முதலில் பிரேக்கைப் பாருங்கள்

ஓசூரில் ரேஸ் என்று பேச்செடுத்தால் அது பைக்கில்தான் போய் நிற்கும். டிவிஎஸ் இங்கேயே இருக்கிறது. அவர்களுடைய ரேஸிங் அணி 1982லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எந்த ஷிஃப்டை எடுத்தாலும் பைக்கை டிராக்கில் ஓட்டிய பையன்கள் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். நான் காரை டிராக்கில் ஓட்டுகிறேன் என்றதும் அவர்களுக்கு ஆர்வம் வந்துவிடும். "என்ன ஸ்போர்ட்ஸ் கார் மேடம்?" என்பார்கள். மாருதி பலேனோ ஆர்எஸ் என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது. "அதை ஏன் எடுத்தீங்க?" என்ற அந்த வராத கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் குவாலிட்டி செக்‌ஷனில் ஒரு தம்பி எட்டு லட்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, "அக்கா, என்ன வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று காத்திருக்கிறான். அவனுக்கும் சேர்த்துத்தான்.

டிராக் நாள் என்பது ரேஸ் கிடையாது. பரிசு இல்லை, யார் முதல் என்ற கணக்கு இல்லை. காசு கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நம் சொந்தக் காரை மூடிய டிராக்கில் பதினைந்து இருபது நிமிடச் செஷன்களாகப் பிரித்து ஓட்டலாம். முந்துவதென்றால் நேர்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் வழிவிட்ட பிறகு. நமக்குக் கிட்டத்தில் இருப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னை டிராக். 1990ல் திறந்தது, ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, கொஞ்சம் சின்னது. கருமத்தம்பட்டி அருகே புதிதாக இன்னொன்றும் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரியில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக ஓட்டிக்கொண்டு போய், நாள் முழுக்க டிராக்கில் வதைத்து, அதே வண்டியில் ராத்திரி வீடு திரும்ப வேண்டும். டிரக்கில் ஏற்றிக்கொண்டு போகிற வசதி இருப்பவர்களுக்கு நான் எழுதுவது பொருந்தாது. நம்மைப் போன்றவர்களுக்கு முதல் நிபந்தனையே இதுதான்: வண்டி போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும்.

இரண்டு சீட், தாழ்ந்த மூக்கு, பின்சக்கர டிரைவ். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் மனதில் வருவது இதுதான், எனக்கும் அதில் ஆசை உண்டு. ஜப்பானிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டிராக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் பழைய மஸ்தா எம்எக்ஸ்-5 ஒன்றைத் தேடி வாங்குவார்கள். 1989ல் வந்த கார். முதல் மாடலின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, 940 கிலோவை ஒட்டி. இன்ஜின் 1.6 லிட்டர்தான். வேகமான கார் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் டயரும் பிரேக்கும் மலிவு, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், நாளெல்லாம் ஓட்டினாலும் சோராது. அந்தக் கார் நம் நாட்டில் விற்பனைக்கே வரவில்லை. டொயோட்டா 86ம் வரவில்லை. நம் ஊரில் இரண்டு சீட் கார் வேண்டுமென்றால் பெங்களூரில் இரண்டாம் கையாகக் கிடைக்கும் பிஎம்டபிள்யூ இசட்4 மாதிரியானவைதான்.

நானும் ஒரு இசட்4ஐப் போய்ப் பார்த்தேன். ஓசூரில் இருந்து பெங்களூர் எட்டும் தூரம்தானே. பராமரித்த வண்டி, கதவைச் சாத்தும் சத்தமே சொல்லும். ஓட்டியும் பார்த்தேன், மனசு போய்விட்டது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து நான்கு சக்கரத்துக்கு பிரேக் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற பேட், டயர் என்ன விலை என்று விசாரித்து எழுதினேன். என் வேலையே அளப்பதும் எழுதுவதும்தான், அந்தப் பழக்கம் விடாது. வாங்குகிற விலை என்னைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் இந்தக் காசு தேய்கிறது என்ற நினைப்பு இருந்தால் டிராக்கில் எதைக் கற்றுக்கொள்ள முடியும்? பயந்து பயந்து ஓட்டுவதற்கு அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்? ஆகவே பழைய கார் எவ்வளவு விலைக்கு விற்கிறது என்பதை விட, தேய்கிற சாமானை மாற்ற எவ்வளவு ஆகும் என்பதை வைத்துத்தான் டிராக் காரைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

எடைதான் எல்லாவற்றுக்கும் வேர். எப்படி என்று சொல்கிறேன்.

சென்னை டிராக்கின் நேர்பாதையில் ஒரு சின்ன டர்போ கார்கூட மணிக்கு 140, 150ஐத் தொட்டுவிடும். டிரைவர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து வண்டி ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150ல் இருந்து 70க்கு இறக்கினால், போன வேகமெல்லாம் சூடாக மாறியாக வேண்டும். அந்தச் சூடு கிட்டத்தட்ட 680 கிலோஜூல். இரண்டு லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் குடத்தில் இருந்து மொண்டு கொதி வரும்வரை அடுப்பில் வைத்தால் எவ்வளவு சூடு செலவாகுமோ அவ்வளவு, மூன்றே நொடியில், நான்கு சக்கரத்தின் டிஸ்க்குகளுக்குள் போகிறது. அதிலும் முக்கால் பங்கு முன்சக்கரங்களுக்கு. ஒன்றரை டன் வண்டி என்றால் அது ஆயிரம் கிலோஜூலைத் தாண்டும். இப்படி ஒரு சுற்றுக்குச் சில தடவை, பதினைந்து நிமிடத்துக்கு, இடையில் ஆற நேரமில்லாமல். வேகம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்கு. அதனால் கூடுதல் குதிரைத்திறன் என்பது பிரேக்குக்கு வைக்கிற கூடுதல் பாரம்தான்.

இதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது எந்தக் கார் புத்தகமும் இல்லை, எங்கள் சித்தப்பா. காவேரிப்பட்டணத்தில் லாரி வைத்திருந்தார். சின்ன வயதில் லீவு நாளில் சேலம் லோடுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். தருமபுரியைத் தாண்டி தொப்பூர் கணவாய் வந்ததும் அவர் பேச்சு நின்றுவிடும். அந்த இறக்கத்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேலம் பக்கம் இறங்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள்மேல் ஏறிய செய்தி பேப்பரில் வராத வருஷம் இல்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் உண்டு. அப்படி விட்டால் மொத்த பாரமும் சக்கரத்தின் டிரம் பிரேக் மேல்தான். டிரம்மை உரசி நிறுத்துகிற லைனர் பழுத்துப் போய் மிதி இருந்தும் பிடி இருக்காது. சித்தப்பா மேலேயே கியரைக் குறைத்துவிடுவார். "எந்த கியர்ல ஏறுவமோ அந்த கியர்லதான் எறங்கணும் பாப்பா. பிரேக்கு கடைசியா இருக்கட்டும்" என்பார். முன்னால் போகிற லாரியில் இருந்து லைனர் கருகுகிற வாடை காற்றில் வரும். ஒருமுறை அந்த வாடையை உள்ளே இழுத்தவர்களுக்கு மறக்காது. பல வருஷம் கழித்து இருங்காட்டுக்கோட்டையில் ஒரு செஷன் முடிந்து வண்டிகள் வரிசையாக உள்ளே வந்தபோது அதே வாடை வந்தது.

பிரேக் சோர்வதில் இரண்டு வகை இருக்கிறது. இது தெரிந்தால் வண்டியைப் பார்க்கிற கண்ணே மாறும். ஒன்று, பேட் அதன் வரம்பைத் தாண்டிச் சூடாகி டிஸ்க்கைப் பிடிக்காமல் வழுக்குவது. மிதி கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இரண்டாவது, பிரேக் ஆயில் கொதிப்பது. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், மிதி தரை வரை போகும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஆனால் அது காற்றில் இருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய டாட் 4க்கு அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு மூன்று வருஷமாக மாற்றாத ஆயிலோடு டிராக்கில் இறங்குகிறவர்கள் இந்த 75 டிகிரி வித்தியாசத்தைத்தான் பணயம் வைக்கிறார்கள். 5.1 என்றால் புதிதில் 260, ஈரம் ஏறினால் 180.

சரி, கார்களுக்கு வருவோம். நான் பட்டியல் போட்டு மார்க் போடவில்லை. எடை, பிரேக், டயர் அளவு, கிளட்ச், சாமான் கிடைக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். சில கார்கள் தாமாகவே விலகிக்கொண்டன.

ஃபோக்ஸ்வாகன் போலோவை முதலில் சொல்ல வேண்டும். 2010லிருந்து அதற்கென்றே தனி ரேஸ் தொடர் நடந்த கார். பாடியின் இறுக்கத்தை வளைவில் உணரலாம். ஜிடி டிஎஸ்ஐ மாடலில் 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். அந்த கியர்பாக்ஸில் இருப்பது ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச். வெயில் நாளில், வரிசையில் நின்று நின்று டிராக்கில் இறங்கி, மறுபடி சூடோடு வந்து நிற்கிற வேலைக்கு உலர் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை நான் எடுக்கமாட்டேன். கெட்டுப்போனால் செலவு பெரிது. 2020ல் வந்த 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல், 110 குதிரைத்திறன். அது நல்ல கார், சுத்தமாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். 2022ல் போலோவை நிறுத்திவிட்டார்கள்; அதனால் நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் விடுவதில்லை. விட்டாலும் விலை இறங்குவதில்லை.

ஃபியட்டின் அபார்த் புன்டோவைப் பற்றி என்னிடம் கேட்டால் நீண்ட நேரம் பேசுவேன். 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். 2015ல் இந்த விலையில் இப்படி ஒன்றை யாரும் கொடுக்கவில்லை. ஸ்டீயரிங்கில் சாலை பேசும். ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன, அதுதான் வலி. அதைக் காப்பாற்றுகிற குழுக்கள் இருக்கின்றன, தெரிந்த மெக்கானிக் இருந்தால் ஓட்டலாம். இன்னொரு கார் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஏற்றது. எங்கள் வீட்டில் ஒன்றுதான். அம்மாவைக் கிருஷ்ணகிரிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் அதில்தான், சீசனில் ஊரில் இருந்து பெங்களூரா மாங்காய் கிரேட்டுகளை ஏற்றி வருவதும் அதில்தான்.

ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 குதிரைத்திறன், நான்கு டிஸ்க். டிராக் இருக்கிற இருங்காட்டுக்கோட்டையிலேயே செய்கிற கார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். 2023க்குப் பிறகு வந்ததில் ஆறு கியர் மேனுவல் உண்டு. புதுக் கார் வாங்குகிறவர்கள், ஈஎம்ஐ கட்ட முடிகிறவர்கள் இதை ஓட்டிப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ் ஜிடியின் 1.5 லிட்டர் இன்ஜின் 150 குதிரைத்திறன், அருமையான இன்ஜின். ஆனால் 1,200 கிலோவுக்கு மேல் போய்விட்டோம், பின்னால் டிரம். பிரேக் சூட்டைக் கவனித்து ஓட்டத் தெரிந்தவர்கள் கையில் அது பறக்கும். புதிதாக வருகிறவருக்கு என் சிபாரிசு இல்லை. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் பற்றிப் பேசவே வேண்டாம், அது வேறு காசு.

சாதாரண ஸ்விஃப்ட் பெட்ரோலையும் விட்டுவிடாதீர்கள். 2018க்குப் பிறகு வந்த மாடல் ஒரு டன்னுக்கும் குறைவு. கடகடவென்று வளைவில் திரும்பும். சாமான் எந்த ஊர் கடையிலும் கிடைக்கும். பவர் போதாது என்பார்கள். முதல் வருஷத்துக்கு அது நல்லதுதான். நேர்பாதையில் சும்மா மிதித்துக்கொண்டு போவதில் கற்க ஒன்றுமில்லை. பவர் குறைந்த காரில் வளைவில் வேகத்தைத் தொலைத்தால் அடுத்த நேர்பாதை முழுக்க அதற்குத் தண்டனை கிடைக்கும், அதனால் வளைவை மதிக்கப் பழகுவோம். அந்தத் தம்பிக்கு நான் சொல்லப்போவதும் ஸ்விஃப்ட்தான். நேர்த்தியான பழைய வண்டி ஒன்றைப் பிடித்துவிட்டு, மிச்சக் காசைப் பேட், டயர், பெட்ரோல், டிராக் கட்டணத்துக்கு வைத்துக்கொள் என்பேன். எட்டு லட்சத்தையும் வண்டியில் போட்டுவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை டிராக்குக்குப் போவதை விட இது எவ்வளவோ மேல்.

பலேனோ ஆர்எஸ்ஸை நான் எடுத்தது, ஸ்விஃப்ட்டின் இந்தக் குணங்களோடு எனக்கு வேண்டிய டர்போவும் நான்கு டிஸ்க்கும் இருந்ததால். 2017 மார்ச்சில் வந்தது. ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் பூஸ்டர்ஜெட் டர்போ, 102 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். எடை 950 கிலோ. மேலே சொன்ன அந்த முதல் எம்எக்ஸ்-5ஓடு தராசில் வைத்தால் முள் பெரிதாக நகராது. முன்சக்கர டிரைவ், ஐந்து சீட், டிக்கி பெரிது. பிஎஸ்6 புகை விதி வந்த 2020ல் நிறுத்திவிட்டார்கள். அதிகம் விற்காத மாடல் என்பதால் இரண்டாம் கையில் விலை நியாயமாக இருந்தது. இன்ஜின் சாமான் கிடைக்காதே என்று பயமுறுத்தினார்கள். 2023ல் மாருதியின் ஃப்ராங்க்ஸ் வந்தபோது அதே பூஸ்டர்ஜெட் குடும்ப இன்ஜின் திரும்பி வந்தது, அந்தப் பயம் எனக்குப் பெரிதும் போய்விட்டது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் நடுவில் மந்தம். டயர் என்ன செய்கிறது என்பதைக் கைகளை விட இடுப்புதான் முதலில் சொல்லும். சஸ்பென்ஷன் நம் ஊர் ஸ்பீடு பிரேக்கருக்காகச் செய்தது, வளைவில் சாயும். இந்தச் சாய்வுக்குப் பழகிவிட்டால் அதுவே எச்சரிக்கை மணி. டயர் விடப்போகிறது என்பதை முன்கூட்டியே உணர்த்தும்.

நான் உயரம் குறைவு, அதனால் உட்காரும் இடத்தையும் ரொம்பப் பார்த்தேன். ஷோரூமில் யாரும் சொல்லாத விஷயம் இது. ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோய் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். கூரைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் விரல்கள் போக வேண்டும். கிளட்சை முழுசாக மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். தோள் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங் உச்சியில் படிய வேண்டும். இந்த மூன்றும் அமையாத கார் எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

வண்டி கேஏ நம்பர். பெங்களூர் விலைக்கு ஆசைப்பட்டு வாங்குகிற நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் வருகிற வேலைதான்: அங்குள்ள ஆர்டிஓவில் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, பிறகு இங்கே வண்டியின் வயதைப் பொறுத்துச் சாலை வரி, புது நம்பர். வேறு மாநில நம்பரில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஓசூரில் டிஎன்-70, கிருஷ்ணகிரி என்றால் 24, தருமபுரி 29. இந்த வரியையும் அலைச்சலையும் விலையோடு சேர்த்துக் கூட்டிய பிறகுதான் பெங்களூர் வண்டி மலிவா என்று முடிவு செய்ய வேண்டும்.

பார்க்கப் போன அன்று பருமன் அளக்கிற வெர்னியரும், சின்ன ஆட்டத்தையும் முள்ளில் காட்டுகிற டயல் கேஜைக் காந்த ஸ்டாண்டோடும் எடுத்துப்போனேன். விற்றவர் முதலில் விழித்தார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முன்சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டு போட்டு இறுக்கி, ஸ்டாண்டைச் சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளில் ஒட்டி, கேஜின் முனையை டிஸ்க்கின் ஓரத்தில் இருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்து, கையால் மெதுவாக ஒரு சுற்று. முள் எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் டிஸ்க்கின் நெளிவு. 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. இதில் அந்த வரம்புக்குள்தான் ஆடியது. டிஸ்க்கின் குறைந்தபட்சப் பருமன் அதன் மேலேயே பொறித்திருக்கும், வெர்னியரில் அதோடு ஒப்பிட்டேன். நீல நிறத் திட்டுகள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தால் யாரோ நன்றாகச் சூடாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்ஜினைப் பற்றி அன்று நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஆயில் மாற்றிய பில்கள். டர்போ இன்ஜினுக்கு ஆயில்தான் உயிர், பில் இல்லாத டர்போவை நான் தொடமாட்டேன்.

வாங்கிய பிறகு மாற்றியது மூன்றுதான். பிரேக் ஆயில், முன் பேட், டயர். ஆயிலை நம் தெரு மெக்கானிக் ஷெட்டிலேயே மாற்றிவிடலாம். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபைப் பிரேக்கில் உள்ள நிப்பிளில் மாட்டிப் பாட்டிலுக்குள் விட, பழுப்பாக வந்துகொண்டிருந்தது மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் குமிழி இல்லாமல் வரும் வரைக்கும். என் வீட்டுக்காரர் மிதித்தார், நான் நிப்பிளைத் திருகினேன். பேட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: முழு ரேஸ் பேட் குளிராக இருக்கும்போது பிடிக்காது. காலையில் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வந்தால் என்ன ஆகும்? வீட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே வண்டி என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத்தான் போட வேண்டும். எக்ஸாஸ்ட், இன்ஜின் கம்ப்யூட்டரின் ஈசியூ மேப், வண்டியைத் தாழ்த்துகிற லோயரிங் ஸ்பிரிங் எதையும் தொடவில்லை. ஆர்சியில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றினால் சட்டச் சிக்கல் ஒரு பக்கம், ஓட்டத் தெரிவதற்கு முன்னால் வண்டியை மாற்றினால் எது என் முன்னேற்றம், எது காசின் முன்னேற்றம் என்று தெரியாமல் போவது இன்னொரு பக்கம்.

இன்ஷூரன்ஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் அழுத்திச் சொல்கிறேன். நம் சாதாரண கார் பாலிசியை எடுத்து, பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்கு அது செல்லாது என்று எழுதியிருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் முழுச் செலவும் நம்முடையது. ஆகவே இன்றைக்கே இந்த வண்டி போனால் தாங்குவோமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வாங்குங்கள். நாங்கள் பேசினோம். இசட்4ஐ நான் மறந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். கடனில் வாங்கிய காரை டிராக்கில் ஓட்டாதீர்கள் என்றுகூடச் சொல்வேன்.

டிராக்கில் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம். வளைவுகளுக்கு அங்கே பெயர் கிடையாது, சி1, சி2 என்று எண்தான். நேர்பாதை முடிவில் வருகிற சி1 வேகமான வலது வளைவு. கண்ணுக்கு எளிதாகத் தெரியும். உண்மையில் தைரியத்தைக் கேட்பது அதுதான். முதல் செஷனில் அதற்கு வெகு முன்னாலேயே பிரேக் பிடித்துவிட்டு, வளைவின் உள் ஓரத்தை மட்டும் கண்ணால் தேடிக்கொண்டு போனால் போதும். ஒவ்வொரு செஷனிலும் பிரேக் பிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளலாம். 950 கிலோ என்பதன் அருமை அங்கே தெரியும். என்னோடு ஓட்டியவர்களில் பெரிய செடான்களில் வந்தவர்கள் சிலர் நான்காம் ஐந்தாம் சுற்றிலேயே மிதி தளர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். என் வண்டியில் செஷன் முடியும் வரை மிதி ஒரே இடத்தில் நின்றது. நேர்பாதையில் அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள், போகட்டும்.

டயரில் காற்றைச் செஷன் முடிந்து வந்த உடனே, சூடாக இருக்கும்போதே பாருங்கள். ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறியிருக்கும். கேஜ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொண்டு, ஏறியதை இறக்கிவிட்டு, சாயங்காலம் நெடுஞ்சாலையில் ஏறும் முன் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி முடியுங்கள், காற்று பட்டு டிஸ்க் ஆறும். உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கொதிக்கிற டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடம் கெட்டுப்போகும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். லாரிக்காரர்கள் கல் வைப்பார்கள் அல்லவா, அதேதான். நான் வைத்திருக்கும் மரக்கட்டையும் சித்தப்பாவின் லாரியில் கிடந்ததுதான்.

இப்போது என் மண்டையைக் குடைவது டயர் அளவு. கம்பெனி கொடுத்தது 195/55, பதினாறு இஞ்ச். பதினைந்து இஞ்ச் வீலுக்கு இறங்கினால் வீலும் டயரும் இலகுவாகும், டயர் விலையும் குறையும், டயரின் சுற்றளவு கொஞ்சம் குறைந்தால் கியர் குட்டையான மாதிரி ஆகி வளைவை விட்டு வெளியே வரும்போது பிக்கப் கூடும். ஆனால் பேடைப் பிடித்திருக்கும் முன் காலிப்பர் வீலின் உள்ளே தட்டாமல் இருக்க வேண்டும், வெளிச் சுற்றளவும் அதிகம் மாறக் கூடாது, மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். அடுத்த ஞாயிறு ஒரு பழைய பதினைந்து இஞ்ச் அலாயை இரவல் வாங்கி மாட்டி, காலிப்பருக்கும் வீலுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் கிடைக்கிறது என்று அளக்கப் போகிறேன். இதே வண்டியில் இதைச் செய்து பார்த்தவர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த வீல், என்ன ஆஃப்செட், தட்டியதா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.